கடலுணவு விருந்து + கிளாஸ் கணக்கில் வெள்ளை ஒயின்: பத்து கிளாஸ் காசு போச்சு, உஷாரா இருங்க

ஐந்து தட்டு கடலுணவு, தட்டுக்கு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின், இரண்டு பேருக்குப் பத்து கிளாஸ். மெனு அட்டையில் இப்படிப் பார்த்தால் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பத்து கிளாஸுக்கும் முழுக் காசு வாங்கிக்கொண்டார்கள். ஊற்றியதெல்லாம் சேர்த்தால் ஒரு பாட்டில் தேறாது. அதிலும் நாலு கிளாஸ், அட்டையில் எழுதிய ஒயினே இல்லை. பேர் போடப் போவதில்லை. ஐஸ் மேல் மீனை அடுக்கிக் காட்டி, சமையலறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, டேஸ்டிங் மெனு (அவர்களே முடிவு செய்து வரிசையாகத் தருகிற சின்னச் சின்னத் தட்டுகள்) மட்டுமே தருகிற ரகம். அந்த ரகத்தில் எங்கே போனாலும் இது பொருந்தும்.

ஏமாற்றுகிற இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பரிமாறுபவர் குனிந்து, சிரித்தபடி, "நீங்க மீனை ரசிங்க சார், ஒயினை எங்ககிட்ட விட்டுடுங்க" என்கிறாரே, அந்த இடம். அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதால்தான் அது எடுபடுகிறது. பச்சையாகச் சாப்பிடுகிற சிப்பிக்கு (ஆய்ஸ்டர்) ஒத்துப்போகிற ஒயின் வெண்ணெயில் புரட்டிய லாப்ஸ்டருக்கு முன்னால் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி நிற்கும். லாப்ஸ்டருக்கு ஏற்ற, ஓக் மரப் பீப்பாயில் வைத்த கனமான ஷார்டனேயை (ஒரு வெள்ளைத் திராட்சை வகை) சிப்பியோடு குடித்தால் வாயில் கசப்பும் உலோக வாடையும் வரும். ஒரே பாட்டிலை வைத்து ஐந்து தட்டையும் சமாளிக்க முடியாது. ஆகவே தட்டுக்குத் தட்டு ஒயினைப் பொருத்துகிற இந்தக் கிளாஸ் கணக்கு, 'பேரிங்' என்பார்கள், நல்ல யோசனைதான். ஆனால் பாட்டில் வாங்கினால் லேபிளைக் காட்டுவார்கள், கண் முன்னால் திறப்பார்கள், ஒரு வாய் ருசி பார்க்கச் சொல்வார்கள். கிளாஸ் என்றால் இந்த மூன்றும் இல்லை. ஊற்றியே தட்டில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். திருட்டு முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அட்டையில் இருந்தது இது: சிப்பிக்கு மஸ்கடே ஸூர் லி, ஸ்கேலப்புக்கு (வெள்ளைச் சதையுள்ள இன்னொரு சிப்பி வகை) பிரான்சின் ஷாப்லி பிரமியே க்ரூ, மிளகாய்-பூண்டு இறாலுக்கு ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங் கபினெட், முழு மீனுக்கு ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ் அல்பரீன்யோ, லாப்ஸ்டருக்கு மெர்சோ (பிரான்சின் கனமான ஷார்டனே). படிக்க அருமையான வரிசை. லேசானதிலிருந்து கனமானதற்குப் போகிறது. காரம் வருகிற இடத்தில் இனிப்புச் சாயல் இருக்கிறது. எழுதியவருக்கு விஷயம் தெரியும். ஊற்றியவருக்கு அட்டையே தெரியாது போல.

மஸ்கடே வெளியில் நீர் வழிய, ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து அப்படியே வந்தது. இந்த ஒயினுக்கு 7 முதல் 9 டிகிரி சரி. 4 டிகிரியில் கொடுத்தால் எந்த வாசனையும் எழாது, அதோடு எந்தக் கோளாறும் வெளியே தெரியாது. கால் மணி நேரம் கையில் பிடித்துச் சூடேற்றினால் உண்மை வந்துவிடும். வந்தது: அடிபட்டு நிறம் மாறிய ஆப்பிள் வாசனை. நிறமும் வெளிர் மஞ்சளைத் தாண்டியிருந்தது. திறந்து நாளான பாட்டிலில் காற்று பட்டு அசிடால்டிஹைடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். மூடி போட்டுக் குளிரில் வைத்தால் வெள்ளை ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும், ஆர்கான் வாயு வைத்துக் காப்பாற்றினால் இன்னும் கூட. அதற்கு மேல் வைத்திருந்தால் சாக்கடையில் ஊற்ற வேண்டும், வாடிக்கையாளர் கிளாஸில் இல்லை. ஈஸ்ட் வண்டலோடு கிடந்து வருகிற இந்த வகையில் நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும் வாயு பெரும்பாலும் இருக்கும். அதுவும் செத்துப்போயிருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: "இந்த ஒயினோட கேரக்டரே அப்படித்தான்."

ஷாப்லி என்று வந்தது வெனிலாவும் தேங்காயும் மணந்தது. ஷாப்லி பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் உருவாவது. பிரமியே க்ரூவில் சிலர் பீப்பாய் பயன்படுத்தினாலும் பழைய பீப்பாயாக, அளவாக வைப்பார்கள். புது ஓக்கின் தேங்காய் வாசனை முகத்தில் அடித்தால் அது வேறு ஏதோ மலிவான ஷார்டனே. இரண்டுமே ஷார்டனே திராட்சைதான் என்பதால் நிறைய பேருக்குத் தெரியாது என்ற தைரியம். பெத்தி ஷாப்லி, ஷாப்லி, பிரமியே க்ரூ, க்ரான் க்ரூ என்று நாலு படி இருக்கிறது. படிக்குப் படி விலை ஏறும். மூன்றாம் படிக் காசு வாங்கிக்கொண்டு ஏணிக்கு வெளியே இருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

ரீஸ்லிங்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது. மோசெல் கபினெட்டில் இனிப்புச் சாயல் விட்ட வகை பெரும்பாலும் 8, 9 சதவீத ஆல்கஹால்தான். குறைந்த ஆல்கஹாலும் மிச்சச் சர்க்கரையும் சேர்ந்துதான் மிளகாயை அடக்கும். கிளாஸில் இருந்தது சுத்தமாக இனிப்பில்லாதது, தொண்டையில் சூடு. ஆல்கஹால் ஏற ஏற மிளகாயின் எரிச்சல் கூடும், இறங்காது. இறாலைச் சாப்பிட்டு அதைக் குடித்தால் வாய் நெருப்பு. பாட்டிலைக் காட்டச் சொன்னபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அது காலியாயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டாங்க." அடுத்த மேஜைக்கு அதே இறால் தட்டு, ரீஸ்லிங் கிளாஸோடு, அடுத்த நிமிஷம் போகிறது.

அல்பரீன்யோவில் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை. இது கார்க் கோளாறு, டி.சி.ஏ என்கிற பொருள். லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழ வாசனையைக் கொன்றுவிடும். யாருடைய தவறும் இல்லை, நல்ல ஒயினுக்கும் நேரும். சரியான இடமாக இருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வாய் பேசாமல் வேறு பாட்டில் திறப்பார்கள். இங்கே முதலில் "அது மினரல் நோட்" என்றார்கள். பிறகு "கொஞ்சம் சுழற்றுங்க, போயிடும்" என்றார்கள். போகாது. புதிதாகத் திறந்த ஒயினில் தீக்குச்சி மாதிரி வருகிற கந்தக வாடைதான் சுழற்றினால் போகும். டி.சி.ஏ காற்றுப்பட்டால் இன்னும் தெளிவாகத்தான் தெரியும். கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள், அதே பாட்டிலிலிருந்து. அப்புறம் மேனேஜர் வந்து சமாதானமாக ரெட் ஒயின் ஒரு கிளாஸ் தரட்டுமா என்றார். கடலுணவுக்கு! ஒயினில் இருக்கும் இரும்புதான் கடலுணவோடு சேர்ந்து மீன் நாற்றத்தைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-லேயே ஸ்கேலப்பை வைத்துக் காட்டிவிட்டார்கள். ரெட் ஒயினில் அது பொதுவாகக் கூடுதல். கடலுணவு மட்டுமே விற்கிற இடத்தின் மேனேஜருக்கு இது தெரியாது.

மெர்சோவில் அளவு. அட்டையில் கிளாஸுக்கு 125 மி.லி. என்று அச்சடித்திருக்கிறார்கள். வந்ததோ வாய் அகன்ற பெரிய கிளாஸ். அகலமான கிண்ணத்தில் 75-க்கும் 125-க்கும் உயர வித்தியாசம் கொஞ்சம்தான், கண்ணுக்குப் பிடிபடாது. மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் 200 மி.லி. ரகம். இரண்டு கிளாஸையும் அதில் சேர்த்து ஊற்றினால் முக்கால் டம்ளருக்கு வரவில்லை. அதாவது கிளாஸுக்கு 75 கூட இல்லை. மற்றவையும் அதே மட்டத்தில்தான் வந்தன. கணக்குப் போடுங்கள்: பத்து கிளாஸுக்கு 1250 மி.லி. வர வேண்டும். வந்தது 750-க்குக் கீழே, ஒரு பாட்டில் கூட இல்லை. காசு மட்டும் பத்து கிளாஸுக்கு. ஒரு கிளாஸ் விற்றாலே பாட்டிலின் கொள்முதல் விலை கிட்டத்தட்ட திரும்பிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. மிச்சம் எங்கே போகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்கேலப் சட்டியில் நீர் விட்டு வெந்திருந்தது, பொன்னிறமாக வறுபடவே இல்லை. பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து எடை ஏற்றிய சரக்கு அப்படித்தான் நீர் விடும். லாப்ஸ்டர் சதை மாவு மாதிரி. சமைப்பதற்கு ரொம்ப நேரம் முன்பே செத்திருந்தால் அதன் செரிமான நொதிகளே சதையைக் கரைத்துவிடும். முழு மீனுக்கு நூறு கிராம் கணக்கில் தனிக் காசு, அதுவும் குடல் எடுப்பதற்கு முன் போட்ட எடை. சிப்பி மட்டும் நன்றாக இருந்தது, ஓட்டுக்குள் நீர் குறையாமல், கேட்ட பிறகு திறந்தது. அந்த ஒன்றுக்காகவே கோபம் அதிகமாகிறது: நல்ல சிப்பியைப் போய் அந்தச் செத்த மஸ்கடேயோடு வைத்தார்கள்.

பில் வந்ததும் ஓட்டம் ஆரம்பித்தது. பரிமாறியவர் மேனேஜரைக் காட்டினார். மேனேஜர், பேரிங் ஒரே பேக்கேஜ், தனித்தனியாகக் கழிக்க முடியாது என்றார். சொமெலியேவை (ஒயின் தேர்ந்தெடுத்துத் தருபவர்) கூப்பிடுங்கள் என்றால் அவர் கிளம்பிவிட்டாராம். அட்டையில் எழுதியது வரவில்லையே என்றால், அடியில் எறும்பு அளவு எழுத்தில் "கையிருப்பைப் பொறுத்து மாறலாம்" இருக்கிறதாம். மாறலாம், சரி, மாறினால் சொல்ல வேண்டாமா, விலையைக் குறைக்க வேண்டாமா? "ஆனா நீங்க குடிச்சிட்டீங்களே சார்." ருசி பார்க்காமல் கெட்டது என்று எப்படித் தெரியும்? மின்னஞ்சல் போட்டதற்கு, உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், அடுத்த முறை வரும்போது இருவருக்கும் ஒரு கிளாஸ் இலவசம் என்று பதில். எந்தப் பாட்டிலிலிருந்து என்று போடவில்லை. பத்து கிளாஸ் காசில் ஒரு பைசா திரும்பவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இருக்கிற கடுப்பில் இவ்வளவுதான். ஊற்றிக் கொண்டுவந்த கிளாஸைத் தொடாதீர்கள். பாட்டில் மேஜைக்கு வரட்டும், பெயர், வருடம், ஆல்கஹால் சதவீதம் மூன்றையும் படியுங்கள். எப்போது திறந்தது என்று கேளுங்கள், பதில் இழுத்தால் புதுப் பாட்டில் கேளுங்கள். அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்குறிப்பையும் சேர்த்து. கோளாறு தெரிந்தால் முதல் வாயிலேயே சொல்லுங்கள், கிளாஸைக் காலி செய்யாதீர்கள், மாற்றுக் கிளாஸ் வேறு பாட்டிலிலிருந்து வருகிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே "மாற்றிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் பேரிங் வேண்டாம், சாப்பாடு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த மீன் எடை: குடல் எடுத்ததற்கு அப்புறமா முன்னாடியா என்று தராசு முன்னால் நின்று கேளுங்கள்.