வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குக் குட்டியா, வளர்ந்த நாயா?

தேவகோட்டை வீட்டில் இப்போது அப்பச்சியும் ஆத்தாவும் (என் அப்பா, அம்மா) மட்டும்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. துணைக்கும் காவலுக்கும் ஒரு நாய் வேண்டும் என்று முடிவானதும் மூன்று வழிகளை யோசித்தோம்: காசு கொடுத்து ஜாதி நாய் வாங்குவது, எங்காவது ஒரு குட்டியை எடுத்து வளர்ப்பது, காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது. எடுத்தது கடைசி வழி. மணி, ஆறு வயது நாட்டு நாய். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஜாதி நாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடர்ந்த முடியுள்ள லாப்ரடாருக்கு நம் ஊர் சித்திரை வெயில் தண்டனை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெக்கையில் மூச்சு விடுவதே சிரமம். ராஜபாளையம், சிப்பிப்பாறை நம் மண்ணின் நாய்கள்தான், வெயில் தாங்கும். ஆனால் அவை வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை, தினமும் ஓடியாக வேண்டும். நான் அவற்றை வளர்த்ததில்லை, வளர்த்தவர்கள் உயிராகச் சொல்வார்கள். கூட ஓட ஆள் இல்லாத வீட்டுக்கு மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உண்மையான போட்டி குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும்தான். குட்டி நம் கையில் வளரும், நம் பழக்கம் அதன் பழக்கமாகும் என்பார்கள். அது சரிதான். ஆனால் முதல் ஆறு மாதம் யார் அதன் பின்னால் ஓடுவது? பார்வோ என்ற வைரஸ் நோய் தாக்கினால் குட்டி இரண்டொரு நாளிலேயே போய்விடக்கூடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் ஆறேழு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என நான்கு மாதம் வரை தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. ஊசிகள் எல்லாம் முடியும்வரை தெரு மண்ணில் விடக்கூடாது. ஆத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "குட்டி வேணாம்ப்பா, அது பின்னால ஓட எனக்கு முட்டி இல்ல."

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது முட்டி வலி அல்ல, வயதுக் கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் 12 முதல் 15 வருடம் வாழும். எழுபத்திரண்டு வயதில் எடுக்கும் குட்டி தன் கிழப்பருவத்துக்கு வரும்போது எடுத்தவருக்கு எண்பத்தைந்து. அதற்குள் அவர் விழலாம், படுக்கையில் இருக்கலாம், பிள்ளைகளோடு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போக நேரலாம். செட்டிநாட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எந்தத் தெருவில் நடந்தாலும் பூட்டிய வீடுகள். வீட்டைப் பூட்டலாம், நாயை என்ன செய்வது? மணியே அப்படி வந்தவன்தான். வளர்த்தவர் இறந்ததும் வெளியூர்ப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுப் போனார்கள். ஆறு வயது நாய்க்கு இன்னும் ஏழெட்டு வருடம் என்றால், அந்தக் கணக்கு அப்பச்சியின் வயதோடு ஒத்துப்போகிறது. அப்படியும் அவர்களால் முடியாமல் போனால் மணி காரைக்குடியில் என்னிடம் வர வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம். யார் நாய் எடுத்தாலும் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

வளர்ந்த நாயில் இன்னொரு நிம்மதி, எது எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்துவிடுவது. குட்டி எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காப்பகத்தில் மணிக்குச் சோறு வைத்த பெண்ணோ, தடி ஓங்கும் ஆளைக் கண்டால் ஒதுங்குவான், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய்விடுவான், ஆளைப் பார்த்துத் தாவ மாட்டான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கைத்தடியோடு நடக்கிற அப்பச்சிக்கு அந்தக் கடைசித் தகவல்தான் பெரிது. கருத்தடையும் தடுப்பூசியும் அங்கேயே முடிந்திருந்தன.

சிரமம் இல்லாமல் இல்லை. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக, மூன்று மாதம் வீடு தன்னுடையது என்று நம்ப: காப்பகக்காரர்கள் சொல்லும் இந்தக் கணக்கு மணி விஷயத்தில் ஏறக்குறைய சரியாக இருந்தது. புது நாய் ஓடிப்போவது பெரும்பாலும் ஆரம்ப நாட்களில்தான். நம் செட்டிநாட்டு வீடுகளோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்புக் கதவைச் சாத்திவிட்டு, பால்காரருக்காகத் திறந்த பின்கட்டுக் கதவை மறந்தால் போச்சு. வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரையும் பிரச்சினைதான். முதல் நாள் மணி நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு வளவு (நடு முற்றம்) ஓரமாகவே நகர்ந்தான். படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை கோணிச் சாக்கை விரித்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தான். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: நம் வீட்டு மிச்சக் குழம்பை ஊற்றவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாத நாள் ஏது? உப்புக் காரமில்லாமல் வேகவைத்த கோழியும் சோறும், மதியம் கொஞ்சம் தயிர்சாதமும் மணிக்குப் போதுகிறது.

சின்னப் பிள்ளைகளும் நடுவயதுக்காரர்களும் இருக்கிற வீடென்றால் குட்டி எடுப்பதில் தவறே இல்லை, அதையும் காப்பகத்திலேயே எடுக்கலாம். பூனை வளர்க்கும் வீட்டைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் பூனை கிடையாது. காப்பகத்தில் பூனையோடு சேர்த்து வைத்துப் பார்த்த நாய் எது என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கொடுத்த காப்பகம் அதைத் தத்துப் படிவத்திலேயே எழுதி வைத்திருந்தது.