குடும்ப வன்முறை உதவியாளர் போலீஸோடு ஜீப்பில் வருவதா, மறுநாள் காலையில் வருவதா: எஸ்டேட்டுக்கு எது உதவும்?

மலேசியாவின் பேராக்கில் நாங்கள் இருந்த எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சம்பள வாரம் வந்தால் கடைசி வீட்டுச் சண்டை எல்லார் காதிலும் விழும். ஒருநாள் இரவு யாரோ 999-க்கு அடித்துவிட்டார்கள். டவுனிலிருந்து செம்பனைக் காட்டைத் தாண்டி ஜீப் வந்து சேர்வதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. கணவன் வாசலுக்கு வந்து நல்ல மலாயில் பேசினான். அந்த அக்காவுக்கு மலாய் சரியாக வராது, அவர் தமிழில் சொன்னதைப் போலீஸுக்கு மலாயில் சொன்னது பதினோரு வயது மகள். அப்பா பக்கத்திலேயே நிற்கும்போது அந்தப் பிள்ளை எதைத்தான் சொல்லும்? பத்து நிமிடத்தில் ஜீப் திரும்பிவிட்டது.

இந்த மாதிரி அழைப்புகளுக்குப் போலீஸ் தனியாகப் போகாமல், குடும்ப வன்முறையைக் கையாளத் தெரிந்த உதவியாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளும் முறைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. எங்கள் எஸ்டேட்டை மனத்தில் வைத்து மூன்றை மட்டும் பார்க்கிறேன்.

இங்கிலாந்தில் 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து போலீஸ் படைகளின் அழைப்பு அறைகளிலேயே இப்படிப்பட்டவர்களை உட்கார வைத்தார்கள். கொலையான ரனீம் என்ற பெண்ணின் நினைவாக இதை ரனீம் சட்டம் என்கிறார்கள். எந்த அழைப்பு உயிருக்கு ஆபத்து என்று அங்கேயே கண்டுபிடிக்க உதவும். நல்லதுதான், ஆனால் எங்கள் சிக்கல் போன் எடுத்த இடத்தில் இல்லை, வாசலில் இருந்தது.

அடுத்தது, போலீஸும் உதவியாளரும் ஒரே வண்டியில் வருவது. மலேசியாவில் இதற்குக் கூடுதலாக ஒரு பலம் உண்டு. 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தை 2017-இல் திருத்தி, வன்முறை செய்பவரைத் தடுக்கும் அவசரப் பாதுகாப்பு உத்தரவைக் கொண்டுவந்தார்கள். ஏழு நாள் செல்லும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அதைக் கொடுக்கும் அதிகாரம் போலீஸிடம் இல்லை, சமூக நல அதிகாரியிடம்தான் இருக்கிறது. அவரும் அந்த ஜீப்பில் வந்தால், ஒருவர் வாசலில் கணவனிடம் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் அக்காவை அடுப்படிக்கு அழைத்துப்போய்த் தமிழில் விசாரித்து அன்றிரவே வேலையைத் தொடங்கிவிடலாம். பிள்ளையை இதில் இழுக்கவே வேண்டாம். சரி, ஆனால் டவுனைச் சுற்றி எத்தனை தோட்டம், ஒவ்வொரு இரவும் எந்த அதிகாரி விழித்திருப்பார்? லயமே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும்போது எந்தப் பெண் மனம் திறப்பாள்? ஜீப் போனபின் அவள் அதே வீட்டில் அதே ஆளோடுதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உதவியாளரைப் போலீஸ் நிலையத்திலேயே வேலைக்கு வைப்பது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மூராபினில் இப்படிச் செய்தார்கள். திரும்பத் திரும்ப அழைப்பு வரும் வீடுகளை அவர் பின்தொடர்வார். எனக்கு இதுதான் எஸ்டேட்டுக்குப் பொருந்துவதாகப் படுகிறது. அவன் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, சீருடை இல்லாமல், ஒரு சொந்தக்காரர் வருவது போல அவர் வரலாம். அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும்: வீடு அவன் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது, நான் எங்கே போவேன்? பிள்ளை பள்ளிக்கூடம் என்னாகும்? ஐசி, அதான் அடையாள அட்டை, அவனிடம் இருக்கிறதே? இதற்கெல்லாம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும், ராத்திரி பத்து நிமிடத்தில் நடக்காது. இன்னொன்றும் இருக்கிறது. கோர்ட் கொடுக்கும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போலீஸ் விசாரணை முடிந்ததும் காலாவதியாகிவிடும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத்துக்குள்ளேயே இருப்பவர்தான் உடனுக்குடன் கேட்டு அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியும்.

ஆகவே ஒரே ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் என்றால் நான் நிலையத்தில் வைப்பேன், அதுவும் தமிழ் பேசுபவராக. இரண்டு பேர் கிடைத்தால் சம்பள வாரத்து இரவுகளில் ஒருவரை ஜீப்பில் அனுப்பலாம்.

அதுவரைக்கும் 15999, அதாவது தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கப் போலீஸ் புகார் கட்டாயமில்லை என்பதையும் லயத்தில் இருக்கும் அக்கா தங்கைகளிடம் சொல்லி வையுங்கள்.