பழ ஈ, தேனீ, அசுவினி: கிருமி புகுந்தால் யார் தாங்குவார்?

பூச்சிகளுக்கு ஆன்டிபாடி, அதாவது ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்றபடி உடல் செய்யும் எதிர்ப்புப் புரதம், கிடையாது. பிறக்கும்போதே கூட வரும் நோயெதிர்ப்பை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். அந்த ஒரே முதலீட்டைப் பழ ஈ, தேனீ, செடிச்சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி ஆகிய மூன்றும் எவ்வளவு வேறு வேறாகச் செலவழிக்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆயுதக் கிடங்கு என்று பார்த்தால் பழ ஈதான் முதலில் நிற்கிறது. அழுகிய பழத்திலேயே பிறந்து வளர்வதால் கிருமியோடுதான் அதன் வாழ்க்கை, அதனால் பாக்டீரியா உள்ளே போன சில மணி நேரத்தில் அதன் கொழுப்புத் திசு கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளை (குட்டிப் புரதங்களை) ரத்தத்தில் கொட்டத் தொடங்கிவிடும். கிருமி வந்ததை உணர்ந்து பெப்டைடு செய்யச் சொல்லும் சமிக்ஞைப் பாதைகள் அதற்கு இரண்டு. செல்சுவர் அமைப்பை வைத்துப் பாக்டீரியாவைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று பிரிப்பார்கள்; பூஞ்சைக்கும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கும் பெரும்பாலும் டோல் பாதை, கிராம் நெகட்டிவுக்கு ஐஎம்டி பாதை. டோல் பழுதான ஈயைப் பூஞ்சை அப்படியே மூடிவிடுகிறது என்று 1996-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது, 2011-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2019-இல் லோசானில் புரூனோ லெமேத்ர் குழு செய்த வேலை. 10 பெப்டைடு மரபணுக்களை ஒரே ஈயில் நீக்கிப் பார்த்தார்கள். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் முன்னால் அந்த ஈ நிற்கவே முடியவில்லை. ஆனால் பிராவிடென்சியா ரெட்கெரி என்ற பாக்டீரியாவைத் தடுப்பது ஏறக்குறைய முழுக்க டிப்டெரிசின் என்ற பெப்டைடு ஒன்றுதான்! எல்லாப் பெப்டைடும் கூட்டமாகப் போய் அடிக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல அமைந்த இந்தப் பொருத்தம் பெரிய விஷயம்.

அப்புறம் தேனீ. 2006-இல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நோயெதிர்ப்பு மரபணுக்கள் ஈயிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. நோயுற்ற புழுவைக் கண்டுபிடித்து வெளியே எறிவது, மரப்பிசினால் கூட்டுக்குள் பூசுவது எனக் கூட்டமாகவே காத்துக்கொள்வதால் மரபணு குறைந்தது என்று விளக்கினார்கள். கேட்க அழகான விளக்கம்தான், ஆனால் தனியாக வாழும் தேனீயிலும் அதே குறைவு இருப்பது பின்னால் தெரியவந்ததால் நான் அதை முழுதாக ஏற்கவில்லை.

அசுவினி கதை வேறு. பட்டாணி அசுவினியின் மரபணுத் தொகுதி 2010-இல் வந்தபோது ஐஎம்டி பாதையையே காணோம், வழக்கமான பெப்டைடுகள் பலவும் இல்லை. ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை (E. coli) பாக்டீரியா உடலுக்குள் போனால்கூட அசுவினி செத்துவிடும். குடிப்பது கிருமி குறைந்த செடிச்சாறு, தேவையான அமினோ அமிலம் செய்து கொடுப்பதோ உடலுக்குள்ளேயே குடியிருக்கும் புக்னேரா என்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியா. அதைத் தாக்காமல் இருக்கத்தான் ஐஎம்டியை இழந்ததோ என்று ஒரு கருத்து உண்டு. காவலுக்கும் கூலிக்கு ஆள் மாதிரி பாக்டீரியாதான்: ஒட்டுண்ணிக் குளவியிலிருந்து காக்க ஹாமில்டோனெல்லா, பூஞ்சையிலிருந்து காக்க ரெஜியெல்லா.

சரி, எது மேல்? ஒரு தனி உயிர் பிழைப்பதைக் கேட்டால் பழ ஈ, சந்தேகமே இல்லை. ஆனால் இணை சேராமலே நாள்தோறும் குட்டி போடும் அசுவினிக்கு ஒரு உடல் போனால் பெரிய நஷ்டமில்லை, பெப்டைடுக்குப் போகும் புரதத்தைக் குட்டியில் போடுவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும்.