வீட்டில் பாட்டுப் பதிவுக்கு எது: டவரா, மேக் மினியா, பழைய லேப்டாப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பிராசசர் எது, ராம் எவ்வளவு என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அண்மையில் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தரும் டவர் (மேசைக் கம்ப்யூட்டர்), ஆப்பிளின் சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டரான மேக் மினி, அலுவலகங்கள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் என்று மூன்று யோசனைகள் இருந்தன. லேப்டாப்பைத்தான் எடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தேவாரம், பஜனை, தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டு. ஒரு நேரத்தில் இரண்டு மைக். ஆர்மோனியம், மிருதங்கம், குரல்கள் எல்லாம் சேர்த்துப் பத்து டிராக் (தனித்தனிப் பதிவு) வரும். இதற்குக் கம்ப்யூட்டரின் வேகம் பெரிய விஷயமே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித்தரத்தில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்கு 8.6 எம்பிதான். பத்து டிராக்கில் ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 430 எம்பி. 16 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் மூன்றுமே தாங்கும்.

சரி, கரண்டுக்கு வருவோம். லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு, மிக மோசமாக இருந்தது 2023-இல். 2024 மார்ச் கடைசியில் நின்று, 2025 ஜனவரி முடியும்போது மறுபடி தலைகாட்டியது. இப்போது ஓய்ந்துவிட்டதே என்பார்கள். ஆனால் கேபிள் திருட்டு ஓயவில்லை. மழை அடித்துப் பெய்தால் துணைமின்நிலையம் படுத்துவிடுகிறது. அட்டவணை போட்டு நிறுத்தியபோதாவது எப்போது போகும் என்று தெரிந்தது. இந்த வகை சொல்லாமல் போகிறது. போவதைவிட அது திரும்பி வருவதுதான் ஆபத்து. தெரு முழுக்க ஃபிரிட்ஜும் கீசரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். டவரின் பவர் சப்ளை அப்போதுதான் அடிவாங்கும்.

அப்படியானால் டவருக்கு யூபிஎஸ் போட்டால் போதாதா? கணக்குப் பாருங்கள். வீட்டு யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். அதாவது 84 வாட்-அவர். டவரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுத்தால் காகிதத்தில் அரை மணி நேரம். ஈய பேட்டரியை அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அது சொன்னதைத் தராது, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். கையில் மிஞ்சுவது கோப்பைச் சேமித்து மூடும் நேரம்தான். அடிக்கடி அடிவரை காலியாகும் ஈய பேட்டரி சீக்கிரம் செத்தும் போகும், ஆக அது ஓயாத செலவு. அப்புறம் ஒன்று: கரண்ட் போன கணத்தில் யூபிஎஸ் 'டக்' என்று மாறி, 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பிக்கும். நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். பாட்டி ஒருத்தி கண்ணை மூடிப் பதிகம் பாடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால், அதே உருக்கத்தோடு திரும்பப் பாடச் சொல்ல முடியுமா?

டி480-இல் உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று. பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று, பெரியதாக வாங்கினால் 72. ரெக்கார்டிங்கின்போது 15 வாட் அளவில்தான் செலவாகிறது, அதனால் புது பேட்டரியில் ஐந்தாறு மணி நேரம் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ்; ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ஒன்று யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் கொடுத்துவிடும். சுவரில் எதுவுமே மாட்ட வேண்டாம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. ஹெட்போனில் கேட்கும் அந்த 'ங்ங்ங்' இரைச்சல் பல வீடுகளில் சார்ஜர் வழியாகவும் எர்த் வழியாகவும்தான் வருகிறது. நான் பதியும்போது சார்ஜரைக் கழற்றிவிடுவேன், இரைச்சல் போய்விடும். கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாமே ஓய்ந்திருக்கும். யாராவது ஜெனரேட்டரைப் போடாதவரை பதிவுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

மேக் மினியைக் குறைசொல்ல மாட்டேன். அது என் வீட்டில் இல்லை; நண்பர் வீட்டில் பயன்படுத்திய அளவில் சொல்கிறேன். சத்தமே இல்லை, கராஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசமாக வருகிறது. எம்1 மாடல் முழு வேகத்தில்கூட 39 வாட்தான் என்பதால், சின்ன யூபிஎஸ்ஸிலும் டவரைவிட வெகுநேரம் நிற்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ராமைப் பிறகு கூட்ட முடியாது, மானிட்டர் தனியாக வேண்டும், பாடகர் வீட்டுக்கோ கோயிலுக்கோ எடுத்துப் போய்ப் பதியவும் வசதிப்படாது. எனக்கு இந்தக் கடைசிக் காரணமே போதும்.

டவர் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை (முன்பே பதிந்துவைத்த வாத்திய ஒலிகளை) அடுக்கி முழு இசையையும் கம்ப்யூட்டரிலேயே செய்கிறவருக்கு நான்கு கோர் டி480 திணறும். நான் அந்த வேலை அதிகம் செய்ததில்லை. டவரில் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான்.

பழைய லேப்டாப் வாங்குவதானால் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. மலிவாகக் குவிந்து கிடப்பதும் அந்த ரகம்தான். கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பதியும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் தானாக வேகத்தைக் குறைக்கும், பவர் செட்டிங்கில் அதை மாற்றுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் பஃபரை, அதாவது ஒலியைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் அளவை, 128 சாம்பிள் வைத்துப் பாருங்கள். படபடவென்று வெடிப்புச் சத்தம் வந்தால் 256. 48 கிலோஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் 5.3 மில்லி விநாடிதான். இன்டர்ஃபேஸின் தாமதமும் அதோடு சேரும். இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் குரலைக் கேட்டால் பாடுகிறவருக்கு அதுவும் தெரியாது. லேப்டாப்பின் ஃபேன் சத்தம் போட்டால் லேப்டாப்பைக் கதவுக்கு வெளியே வையுங்கள். மைக் கேபிள் பத்து மீட்டர் போனாலும் ஒலி கெடாது, யூஎஸ்பி கேபிளை மட்டும் நீட்டாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல டவர் இருப்பவர் அதை விற்க வேண்டாம். லேப்டாப்பில் பதிந்து, கோப்புகளை எடுத்துப் போய் டவரில் மிக்ஸ் செய்யுங்கள் (டிராக்குகளைச் சேர்த்து ஒரே பாட்டாக்குங்கள்). மிக்ஸின் நடுவில் கரண்ட் போனால் போவது கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு செய்த வேலை மட்டும்தான்.