உடைத்துப் பார்க்க எத்தனை உருப்படி? பீளமேட்டில் இரண்டு நாள் பயிற்சி

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வால்வு பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை மையமாகக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிறகு, படைத்தளவாட வேலைகள் பற்றிய பேச்சு நம் பக்கத்துப் பட்டறைகளிலும் அடிபடுகிறது. ராணுவ வாகனப் பாகம் ஒன்றுக்கு விலைப்புள்ளி கேட்டு எனக்கு வந்த கடிதத்தில், “95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில் 95 விழுக்காடு நம்பகத்தன்மை” என்றிருந்த ஒரு வரி புரியாமல்தான், படைத்தளவாடச் சோதனைக்கான புள்ளியியல் முறைகள் குறித்து பீளமேட்டில் நடந்த பயிற்சிக்கு ஏழாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

முதல் நாள் காலை வகுப்பு ஒன்றே கட்டிய பணத்துக்குப் போதுமானது. பத்து உருப்படிகளைச் சோதித்துப் பத்தும் தேறிவிட்டால் சரக்கு சுத்தம் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தேன். ஆனால் அந்தப் பத்தை வைத்து, 95 விழுக்காடு நம்பிக்கையுடன், நம்பகத்தன்மை, அதாவது மொத்தச் சரக்கில் பழுதாகாமல் தேறும் பங்கு, 74 விழுக்காட்டுக்குக் குறையாது என்று மட்டுமே சொல்ல முடியும் என்பதைப் பயிற்றுநர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கடிதம் கேட்ட அளவை எட்ட 59 உருப்படிகள் ஒன்றுகூடப் பழுதாகாமல் தேற வேண்டும். ஒன்றின் பழுதைப் பொறுத்துக்கொள்வதென்றால் 93 வேண்டும். “அறுவது உருப்படியச் சோதிச்சே உடைச்சுப்போட்டா, அப்பறம் எதைய விக்கறதுங்க?” என்று பின்வரிசையில் இருந்த பெரியவர் கேட்டபோது எழுந்த சிரிப்பில், எல்லோருடைய கவலையும் இருந்தது.

பிற்பகலில் ஓர் எஃகுக் குண்டையும் ஒரு கட்டுத் தரை ஓடுகளையும் மேசையில் வைத்தார்கள். ஓடு உடைந்தால் அடுத்த ஓட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தியும், உடையாவிட்டால் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தியும் குண்டைப் போடச் சொன்னார்கள். இருபது ஓடுகளுக்குள், பாதிக்குப் பாதி உடையும் உயரம் எது என்பது எங்களுக்கே பிடிபட்டுவிட்டது. வெடிமருந்துகள் எவ்வளவு அதிர்ச்சிக்கு வெடிக்கும் என்பதை அளக்கப் பயன்பட்ட இந்த ஏற்ற இறக்க முறைக்கு டிக்சன், மூட் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1948இல் கணக்கு வகுத்தார்கள். கவசத் தகட்டைச் சுடும் குண்டுகளில் பாதி துளைத்துச் செல்லும் வேகத்தைக் காண்பதும் இதே வழியில்தான்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஐந்து சென்டிமீட்டர் என்ற படியை எப்படித் தேர்ந்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை. இந்த முறை நடுப்புள்ளியை நன்றாகக் காட்டுமே தவிர, கவசம் ஏறக்குறைய ஒருபோதும் துளைபடாத வேகத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. கவசத்தை அணிகிறவருக்கு வேண்டியது அந்த வேகம்தானே? இரண்டாம் நாளில் வால்ட் என்ற புள்ளியியலாளரின் தொடர்முறைச் சோதனைக்கு அரை மணி நேரமே ஒதுக்கினார்கள். முடிவு தெளிவானவுடன் சோதனையை நிறுத்திக்கொள்ள இடம் தரும் அந்த முறைதான் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு மிகவும் உதவும். மீதி நேரம் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலேயே கழிந்தது. உணவுக்குக் குறையில்லை.

முதல் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைத்தால் என் மேற்பார்வையாளரையும் அனுப்புவேன். கடிதத்துக்கு, சோதனையில் கழியும் 59 உருப்படிகளின் அடக்க விலையையும் சேர்த்து விலைப்புள்ளி அனுப்பிவிட்டேன்.