சட்டைப்பை நோட்டா, போன் நோட்ஸா?

கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் உருப்படியான யோசனை வரும். அதைப் பிடித்து வைக்கச் சின்ன நோட்டா, போனா என்று கேட்டால் என் ஓட்டு நோட்டுக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை.

போனில் பூட்டைத் திறந்து ஆப்பைத் தேடுவதற்குள் மேலே இரண்டு வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும், அதைப் பார்த்து முடித்தால் எதற்குப் போனை எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். நோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்து, ஓரத்தில் கேள்விக்குறி வைப்பதெல்லாம் பேனாவில் நொடி வேலை. திரையில் விரலால் வரைந்தால் கோழிக் கிறுக்கல்தான். இசைமேதை பீத்தோவனே உலாவப் போகும்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டுதான் போவாராம்.

தேடுவதில் போனை அடிக்க முடியாது. கூகுள் கீப் என்ற குறிப்பு ஆப்பில் ஒரு சொல்லைத் தட்டினால் பழைய குறிப்பு வந்துவிடும், கை வேலையாக இருந்தால் தமிழில் பேசியே பதியலாம். நோட்டு பஸ்ஸில் விழுந்தால் போனதுதான். அதனால் முக்கியமான பக்கத்தை ராத்திரி படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

வாங்குவதானால் ஏ7 அளவு (74×105 மி.மீ.) சட்டைப்பையில் அடங்கும். ஸ்பைரல் வேண்டாம், கம்பி துணியில் மாட்டும். சில ஜெல் பேனா மை வியர்வையில் கரையும், சாதா பால்பாயிண்ட் போதும்.