ஐஐடி மெட்ராஸ் வளாகம்: எல்லாம் சரி, அந்தக் குரங்குகளைத் தவிர

சைக்கிளுக்கு மறுபடியும் புது சீட் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பிய நேரம் பார்த்து நண்பன் போன் செய்தான். "மச்சி, தங்கச்சிக்கு உங்க ஐஐடியில பிஎச்டி சீட் கிடைச்சிருக்கு. கேம்பஸ் எப்படிடா, நல்லா இருக்குமா?" கேட்ட நேரம் சரியில்லை. போனில் சொன்னதில் பாதி திட்டு. ஆற அமர எழுதினால் நியாயமாக வரும் என்று எழுதுகிறேன், பார்ப்போம்.

ரேங்க் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. 2016-ல் மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியல் வந்த நாளிலிருந்து பொறியியலில் முதலிடம், அது ஊருக்கே தெரியும். உள்ளே வாழ்ந்தால் எப்படி என்பதுதான் கேள்வி.

சர்தார் பட்டேல் சாலையில் வந்து மெயின் கேட்டில் திரும்பினால் ஹாரன் சத்தம் அங்கேயே நின்றுவிடும். கத்திரி வெயிலில்கூட ஆலமரத்து நிழலுக்குள் நுழைந்ததும் சூடு குறைவது உடம்புக்கே தெரியும். 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு கட்டத் தொடங்கியபோது கிண்டிக் காட்டில் அறுநூறு ஏக்கருக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது மேற்கு ஜெர்மனியின் அன்றைய தலைநகரான பான் நகரில். அந்தப் பெயரில் உள்ளே ஒரு சாலையே இருக்கிறது. கட்டிடத்துக்காக மரத்தை வழித்துத் தள்ளாமல் விட்டவர்கள் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மான்கள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில மாதங்கள் போட்டோ எடுத்துத் தள்ளுவார்கள், அப்புறம் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நடுராத்திரி தாண்டி லேப்பை விட்டுக் கிளம்பினால் தெருவிளக்குக்குக் கீழே புள்ளிமான் கூட்டம் நட்டநடு ரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். மணி அடித்தால் ஒன்று காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பும், அவ்வளவுதான். நாம்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெளிமான் வேறு ரகம். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக ஆண் மான் திறந்த புல்வெளியில் தள்ளியே நிற்கும், கிட்ட அண்டாது. எக்ஸ்பெரிமென்ட் சொதப்பின நாளில் அதைத் தேடிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பலன் உண்டு.

சரி, இப்போது குரங்கு.

இங்கே மாணவர்களுக்கு பைக் அனுமதி இல்லை. கேட்டிலிருந்து விடுதிப் பக்கம் நடந்தால் இருபது நிமிடம் ஆகும். பஸ் ஓடுகிறது, ஆனால் நாம் நினைத்த நேரத்துக்கு வேண்டுமென்றால் சைக்கிள்தான். அந்த சைக்கிளைத்தான் குரங்கு குறிவைக்கும். ஒருநாள் லைப்ரரி வாசலில் நின்று முழுசாகப் பார்த்தேன். வரிசையில் நின்ற சைக்கிள்களில் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. சீட்டின் ஓரத்தில் தையலைக் கட்டைவிரலால் தடவித் தேடியது. நகத்தால் ஒரு கண்ணியைக் கிளப்பி, ரெக்சினை நாடா நாடாவாக உரித்தது. உள்ளே இருந்த மஞ்சள் ஸ்பான்ஜைப் பிய்த்து முகர்ந்து பார்த்தது, கீழே போட்டது, அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டது. தின்னவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. பசிக்குத் திருடினால் விட்டுவிடலாம். இதற்கு என்ன பேர்?

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் இதன் முழுப் பலன் கிடைக்கும். பிய்ந்த ஸ்பான்ஜ் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்தால் ஊற்றும். அந்த ஈரத்தோடு, என் பிஎச்டி எப்படிப் போகிறது என்று பார்க்கும் டாக்டோரல் கமிட்டி மீட்டிங்கில் நாலு பேராசிரியர்கள் எதிரே நின்று கிராஃபை விளக்கியிருக்கிறேன். முடியும்வரை திரைப்பக்கம் திரும்பவே இல்லை. வேளச்சேரி கேட்டுக்கு வெளியே இருக்கும் சைக்கிள் கடை அண்ணனுக்கு மட்டும் ஏக சந்தோஷம். "உங்க காலேஜ்ல குரங்கு இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையில்ல தம்பி" என்கிறார், இன்றைக்கும் சொன்னார்.

"அதுங்க காட்டுல நாமதான வந்து உக்காந்திருக்கோம்" என்று விடுதியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். மானுக்காகச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், அதற்குப் புல் போதும். இந்தக் குரங்கு காட்டையே திரும்பிப் பார்ப்பதில்லை, இதற்கு மெஸ்தான் வேண்டும். பை ஜிப் திறக்கத் தெரியும், தயிர்க் கப்பின் மூடியைக் கிழிக்காமல் உரிக்கத் தெரியும். தீனி போடாதீர்கள் என்று சொன்னாலும் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் என் சைக்கிள் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். 2023-ல் ஆப்பிரிக்கா பக்கம் சான்சிபார் தீவில்கூட இந்த ஐஐடிக்கு ஒரு வளாகம் திறந்தார்கள். தப்பித்து அங்கே போய்விடலாமா என்று தேடினேன். அந்தத் தீவுக்கென்றே சிவப்புக் கொலோபஸ் என்று ஒரு குரங்கு இனம் இருக்கிறது.

படிப்பு பக்கம் வருகிறேன், தங்கச்சிக்கு அதுதானே முக்கியம். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. விடுதியில் இருந்தால் கையில் மிஞ்சும், வெளியே அறை எடுத்தால் கரைந்துவிடும். கோர்ஸ் வேலை, காம்ப்ரிஹென்சிவ் தேர்வு, வருடாவருடம் கமிட்டி, செமினார், ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ், தீசிஸ், வைவா என்று படி படியாகப் போகும். இதில் எதுவும் ஆளைக் கொல்லாது. கைடு சரியாக அமைந்தால் போதும். துறையின் பெயரைப் பார்த்து முடிவு பண்ணாமல், அந்த லேபில் நாலாம் வருடம் படிப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். வெப்சைட்டில் இல்லாதது அந்த டீயில் வரும்.

மற்றபடி வாழ்க்கை சுகம்தான். விடுதிகளுக்கெல்லாம் நதிப் பெயர்கள். தங்கச்சிக்கு சராவதியோ சரயுவோ கிடைக்கலாம். சனிக்கிழமை திறந்தவெளி அரங்கில் படம், ஜனவரியில் சாரங் கலைவிழா. ஹிமாலயா மெஸ் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், நானும் புலம்புவேன், ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான். எந்தத் துறைக்காரரோடும் உட்கார்ந்து பேசலாம். கடலலை பற்றி ஆராய்கிறவரும் பொருளாதாரம் படிக்கிறவரும் ஒரே மேசையில் சாம்பார் ஊற்றிக்கொள்ளும் இடம் சென்னையில் வேறு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை. இத்தனை லேபும் இவ்வளவு நிழலும் சேர்ந்து கிடைக்கும் இடமும் இல்லை.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு 350 ரூபாய் போயிருக்கிறது, அதுவும் இந்த செமஸ்டரில் முதல் தடவை இல்லை. அடுத்த வாரம் கேட்டால் நாலு சொன்னாலும் சொல்வேன்.

சேர்க்கைக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். கட்டிவிடச் சொல்லிவிட்டேன்.